வலது கையின் மேல் விழுந்த பழி

போன சனிக்கிழமை காலை என் மோட்டார் சைக்கிளின் த்ராட்டிலைக் கழற்றினேன். யாரும் உதவிக்கு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

வலது கைப்பிடியை முறுக்கினால் வண்டி வேகம் எடுக்கும் அல்லவா, அதுதான் த்ராட்டில். ஐம்பத்து நான்கு வயதுப் பெண்ணுக்கு இது என்ன வேலை என்று கேட்பீர்கள். கேளுங்கள். வீட்டிலும் அதையேதான் கேட்டார்கள்.

நான் ஏணியிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்ட கதையை இதே பக்கத்தில் எழுதியிருக்கிறேன். மழைத்தண்ணீர் ஓடும் கூரைப் பீலியில் இலை அள்ளப் போன கதை... எலும்பு ஒட்டிவிட்டது. ஆனால் கை பழையபடி மடங்கவில்லை. இனி இவ்வளவுதான் என்று பிசியோவும் சொல்லிவிட்டார். அப்போது உங்களில் எத்தனை பேர் மெசேஜ் அனுப்பினீர்கள்! ‘அன்ரி, இனி காரிலை போங்கோ’ என்று ஒருவர். படத்தைப் பார்த்தால் அவருக்கும் ஐம்பதுக்குக் குறையாது.

இவர் — என் கணவர் — மெசேஜ் எல்லாம் அனுப்பவில்லை. வண்டியை விற்க விளம்பரமே போட்டுவிட்டார். கிரான்பர்னிலிருந்து ஒரு பெடியன் ஞாயிறு காலை பார்க்க வருவதாக ஏற்பாடு. என்னைக் கேட்டாரா? கேட்டார். ‘யோசிப்பம்’ என்றேன். அது அவருக்குப் போதுமாக இருந்தது.

பிரச்சினை இதுதான். முழு வேகம் எடுக்கக் கைப்பிடியை நிறைய முறுக்க வேண்டும். என் கை பாதியிலேயே நின்றுவிடும். ஃப்ரீவேயில் பின்னால் லொறி வரும்போது பாதி வேகம் போதுமா? கை மடங்காவிட்டால் என்ன, வண்டியைக் கைக்கு ஏற்ற மாதிரி மாற்றினால் போயிற்று என்று முடிவெடுத்தேன்.

கைப்பிடிக்குள் ஒரு பிளாஸ்டிக் உருளை இருக்கும். த்ராட்டில் கேபிள் அதில்தான் சுற்றியிருக்கும். உருளை பெரிதாக இருந்தால், கொஞ்சம் முறுக்கினாலே கேபிள் நிறைய இழுபடும். அவ்வளவுதான் சூத்திரம். ஒன்லைனில் பெரிய உருளை வாங்கி, இடிக்கிற இடத்தை அரத்தால் ராவி, பொருத்திவிட்டேன். கேபிளில் கொஞ்சம் லூஸ் மிச்சம் இருந்தது. எனக்கு எதுவும் தொளதொளவென்று இருந்தால் பிடிக்காது. அதையும் திருகி முழுவதுமாக எடுத்துவிட்டேன்.

பிறகு இவரிடம் போய் ஒரு ஒப்பந்தம் பேசினேன். ரோவிலில் எங்கள் தெரு ஒரு முட்டுச்சந்து. அதன் முனைவரை வண்டியை ஓட்டிப் போய், திரும்பி வருவேன். ஒழுங்காக வந்தால் வண்டி என்னுடையது. இல்லாவிட்டால் அந்தப் பெடியனுடையது. இவர் உடனே சம்மதித்தார். நான் தோற்பேன் என்று அவ்வளவு நம்பிக்கை!

போகும்போது... அடேயப்பா! தொட்டால் போதும், வண்டி பாய்கிறது. ஹெல்மெட்டுக்குள் தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன்.

முனையில் வண்டியைத் திருப்ப ஹாண்டிலை முழுவதும் வலப்பக்கம் ஒடித்தேன். எஞ்சின் தானாக உறுமியது. வண்டி முன்னால் பாய்ந்தது. இடது கையால் கிளட்சைப் பிடித்து, பிரேக்கை அழுத்தி, பக்கத்து வீட்டு மஞ்சள் மூடிக் குப்பைத்தொட்டிக்கு ஒரு சாண் தள்ளி நிறுத்தினேன். விழவில்லை. யாரும் பார்க்கவும் இல்லை. அங்கே ஒரு பெரிய கரவன் வண்டி நின்று என்னை மறைத்திருந்தது.

கையைப் பார்த்தேன். நான் முறுக்கவில்லை. ஆனால் வண்டி பாய்ந்தது. அப்படியென்றால் எனக்குத் தெரியாமலே கை முறுக்கியிருக்கிறதா? உண்மையாகவே பயந்துபோனேன். சிரித்துக்கொண்டு திரும்பிப் போயிருந்தால் ஒப்பந்தத்தில் நான்தான் வென்றிருப்பேன். ஆனால் சொல்பேச்சுக் கேட்காத கையை வைத்துக்கொண்டு ஃப்ரீவேயில் எப்படிப் போவது? மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து, கராஜில் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமலே இறங்கிவிட்டேன்.

“அந்தப் பெடியனை வரச் சொல்லுங்கோ. என்ரை கை என்ரை சொல் கேக்கேல்லை.”

சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். அழுதேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை.

எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இவருக்கு அதை அணைக்கத் தெரியாது. சாவியைத் தேடிக் குனிந்தவர் இடது கைப்பிடியைப் பிடித்தார். ஹாண்டில் வலப்பக்கம் திரும்பியது. எஞ்சின் உறுமியது. பயந்து நேராக்கினார். சத்தம் அடங்கியது. மறுபடி திருப்பினார். மறுபடி உறுமியது. மூன்றாம் தரம் என்னைப் பார்த்துக்கொண்டே திருப்பினார்.

“இஞ்சை பாரும். உம்மட கை இதிலை இல்லையே.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஹாண்டிலை ஒடிக்கும்போது கேபிளும் சேர்ந்து இழுபடும். அதற்கு இடம் கொடுக்கத்தான் அந்த லூஸ். அதை இந்தப் பெரிய மெக்கானிக் அம்மா ஒரு பொட்டு மிச்சம் வைக்காமல் எடுத்துவிட்டார்!

ஒருதரம் கையை உடைத்துப் பாருங்கள். அதன் பிறகு பால் பொங்கி வழிந்தாலும் கைதான் காரணம். மற்றவர்கள் அப்படிச் சொன்னால் சண்டை பிடிக்கலாம். நாமே நம்பத் தொடங்கினால் யாரோடு சண்டை பிடிப்பது? கேபிளைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லையே!

இவர் சும்மா சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிட்டு உள்ளே போயிருக்கலாம். இவர் ஆசைப்பட்டது நடந்திருக்கும். நானும் காலம் முழுக்க இந்தக் கையைத் திட்டிக்கொண்டு இருந்திருப்பேன்.

திரும்பவும் லூஸ் வைத்தேன், இரண்டு மூன்று மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் ஒடித்துப் பார்த்தேன். எஞ்சின் உறுமவே இல்லை. முனைவரை மூன்று தடவை போய் வந்தேன். இவர் வாசலிலேயே நின்று பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

“தம்பி, நாளைக்கு வரவேண்டாம். அது விக்கிறதுக்கில்லை.”

மனம் நிறைந்துவிட்டது. பின்னால் ஏறுங்கோ, த பேசின் ஊர்ப் பிள்ளையார் கோயில்வரை போய் வருவோம் என்று கூப்பிட்டேன்.

ஏறவில்லை... கோயில்வரை காரில் என் பின்னாலேயே வந்தார்.