மதினியின் வண்டி விற்பனைக்கு இல்லை

சின்னமனூர் சந்தையில் தேங்காய் வியாபாரிகள் நாலு பேரை ஒரே பேச்சில் வாயடைக்க வைத்துக்கொண்டிருந்தபோதுதான் அண்ணன் மகன் போனில் அழைத்தான். “சித்தப்பா, அம்மா காலையில எந்திரிக்கல” என்றான். அன்றைக்கு வாயடைத்துப் போனது நான்தான்.

முத்துலெட்சுமி மதினியை அறியாதவர் கோம்பையில் கிடையாது. அண்ணன் இறந்தபின் உத்தமபாளையத்துத் துணிக்கடையில் ரவிக்கைத் துணி கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். காலை பஸ் நிற்கும், நிற்காமலும் போகும். தாமதமானால் முதலாளி முகம் கொடுக்க மாட்டார். ஒருநாள் மதினி என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“கொழுந்தனாரே, வெல கம்மியா ஒரு ஸ்கூட்டர் வாங்கணும். தேனிக்கு வாங்க.”

என்னை அழைத்ததைக் கவனிக்க வேண்டும். எஞ்சின் சத்தத்தை வைத்தே சொந்தக்காரனின் ஜாதகத்தைச் சொல்லக்கூடியவன் இந்தப் பள்ளத்தாக்கில் நான் ஒருவன்தான். பழைய வண்டிக் கடையில் பளபளவென்று ஒரு சிவப்பு வண்டியைத் தேர்ந்தெடுத்தேன். மதினியோ ஒவ்வொரு வண்டியிலும் ஏறி உட்கார்ந்து, இரண்டு காலையும் தரையில் ஊன்றிப் பார்த்தார். கடைசியில் இருந்ததிலேயே மலிவான, சீட்டு கிழிந்த சாம்பல் நிற வண்டியைக் காட்டினார். “நம்ம காலு தரையில நிக்கணும். மத்தத மெக்கானிக்கு பாத்துக்கிருவாரு” என்றார். அதை ஊருக்கு ஓட்டி வந்தவன் நான். வழியில் இரண்டு பஸ்களை முந்தினேன். மூன்று என்றும் சொல்லலாம்.

வண்டி வாங்கினால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க வேண்டும் அல்லவா? தாலி கழற்றியவர் கையால் பழம் வைக்கக்கூடாது என்று தெருவில் முணுமுணுத்தார்கள். என் மனைவியைக் கூப்பிட்டார்கள். மதினி அவள் கையிலிருந்த பழங்களை வாங்கி, தானே குனிந்து வைத்தார். “எம் புருசன் போனாரு. நான் போகலையே” என்று சொல்லி வண்டியை ஏற்றினார். சாறு என் வேட்டியில் தெறித்தது.

ஆடிக் காற்று ஆளையே தள்ளும் எங்கள் சாலையில், “சாஞ்சு ஓட்டுனா காத்தும் நம்ம பக்கந்தேன்” என்று சிரித்துக்கொண்டே போவார். பின்சீட்டில் மருமகள் செல்வி. அவளுக்கும் உத்தமபாளையத்தில்தான், மருந்துக்கடையில் வேலை. மாமியாரும் மருமகளும் ஒரே வண்டியில் சிரித்துக்கொண்டு போவதைப் பார்க்கச் சுருளிப்பட்டியிலிருந்து ஆள் வந்தது.

தூக்கத்தில் இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. அன்றைக்குப் பழம் வைத்த கைதான் காரணமாம். மகனும் பயந்துவிட்டான். “அம்மா போனதே இந்த வண்டியாலதேன்னு பேசுறாக சித்தப்பா. தள்ளிவிட்ருவோம்” என்றான். கருமாதி அன்றே வாங்க ஒரு ஆள் வந்துவிட்டார். வண்டி போனால் செல்வி மறுபடியும் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். பஸ்ஸை நம்பி வேலை நிலைக்குமா என்பது எங்கள் குடும்பத்துக்குத் தெரியாததா?

நான் வண்டிக்கு முன்னால் போய் நின்றேன். ஒரு யானை வந்திருந்தாலும் நகர்ந்திருக்க மாட்டேன். ஆனால் எனக்கு வேலையே வைக்காமல் செல்வி வந்தாள். வண்டியில் ஏறினாள். இரண்டு காலையும் ஊன்றிப் பார்த்தாள்.

“எனக்கும் எட்டுது சின்ன மாமா” என்றாள். பிறகு தன் கணவனைப் பார்த்து, “உள்ள போயி ரெண்டு பழம் எடுத்துட்டு வாங்க” என்றாள்.

அவன் வாங்க வந்தவரை ஒருமுறை பார்த்தான். பிறகு உள்ளே போனான். வாங்க வந்தவர் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டார்.

மதினியிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது, எலுமிச்சைச் சாறு தெறித்த அந்த வேட்டி. கறை போகவில்லை, போக விடவும் இல்லை. நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் இனி அதைத்தான் கட்டுவேன். ஊரார் தெரிந்துகொள்ளுங்கள்: வண்டி காலையில் உத்தமபாளையம் சாலையில்தான் வரும். ஒதுங்கி வழிவிடுங்கள்.