செம்பாக்கத்துக்கு வந்த ஜப்பான்காரர்

செம்பாக்கம் ஏரிக்கரையில் காலை நடைக்கு வருகிறவர்கள் எவ்வளவு நடக்கிறார்கள் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எவ்வளவு பேசுகிறார்கள் என்பதில் கிடையாது. போன தை மாதம் அங்கே கிளம்பிய செய்தி இது. அரிகிருஷ்ணனின் பழைய லேன்சர் காரை ஜப்பான் கம்பெனியே திரும்ப வாங்கிக்கொள்ளப் போகிறது. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் வைக்கப் போகிறது. பேரம் பேச ஒரு ஜப்பான்காரர் நேரிலேயே வந்து போனார். விலை, ஏரியின் வடகரையில் பத்து லட்சம்; தென்கரைக்கு நடந்து வருவதற்குள் நாற்பது.

சரிபார்க்கலாம் என்று இறங்கினால் முதல் கஷ்டம், கண்ணால் கண்ட சாட்சி இருந்தார். எதிர்வீட்டு முதல் மாடி எலியேசர், விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். வானத்தையே பார்த்துப் பழகிய கண், இப்போது தெருவைப் பார்க்கிறது.

"ஞாயித்துக்கிழமை சார். நான் பால்கனியில நிக்கிறேன். அந்த மனுஷன் காரைச் சுத்திச் சுத்தி வந்தாரு. முன்னாடி இருக்கிற மூணு வைரச் சின்னத்தைத் தொட்டுப் பார்த்தாரு. போட்டோ எடுத்தாரு. சும்மா போற எவனாவது பழைய காரைப் போட்டோ எடுப்பானா, சொல்லுங்க?"

இரண்டாவது கஷ்டம் இன்னும் பெரியது. சம்பந்தப்பட்ட அரிகிருஷ்ணனே மறுக்கவில்லை.

அரிகிருஷ்ணன் அந்த ஊரின் பூர்வீகக் குடி. ஏரிப் பாசனத்தில் நெல் போட்ட குடும்பம். பிறகு மனை போட்ட குடும்பம். நெல்லைவிட மனை நன்றாக விளைந்தது. அந்த விளைச்சலில் ஆளுக்கொரு கார் வந்தது. மற்றவர்கள் எத்தனை பேர் உட்காரலாம் என்று பார்த்து வாங்கினார்கள். அரிகிருஷ்ணன் அழகைப் பார்த்து வாங்கினார். வெள்ளை நிற மிட்சுபிஷி லேன்சர். அம்பாசிடர் செய்த அதே கம்பெனிதான் இதையும் ஜப்பான்காரர்களோடு சேர்ந்து திருவள்ளூரில் செய்தது என்றால் புதிதாகக் கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள். ஒரே வயிற்றில் யானையும் மானும் பிறந்த மாதிரி.

தரையை ஒட்டிப் போகும் வண்டி. வேளச்சேரி சாலையின் வேகத்தடைகளை அது வயிற்றால் அறியும். உள்ளே ஏறுவது சம்மணம் போட்டு உட்காருவதற்கு ஒரு படி மேலே, அவ்வளவுதான். உட்கார்ந்த பிறகு மனுஷன் எழுந்திருக்க மாட்டான். லேன்சர் வைத்திருந்த யாரையும் கேட்டுப் பாருங்கள், "வித்துட்டேன்" என்று சொல்ல மாட்டார்கள். "போச்சு" என்பார்கள். வீட்டில் ஒரு ஆள் போன மாதிரி. அரிகிருஷ்ணனுடையது மட்டும் போகவில்லை. இங்கே புதிய லேன்சர் வருவது நின்று எத்தனையோ வருஷம் ஆகியும், ஒரு கண்ணாடி, ஒரு ரப்பர் என்று புதுப்பேட்டைக் கடைகளில் தேடிப் பிடித்து அதை ஓட வைத்திருந்தார்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. அவர்கள் பங்காளிகளுக்குள் ஒரு வழக்கம்: நம் பையன் மாப்பிள்ளை என்றால், மாப்பிள்ளை அழைப்புக் காரைப் பங்காளிதான் ஓட்ட வேண்டும். அந்நியன் கையில் பிள்ளையைக் கொடுக்கக் கூடாது. லேன்சர் வந்த நாளிலிருந்து அந்த வேலை அரிகிருஷ்ணனுக்கு. நாதஸ்வரத்துக்குப் பின்னால், முதல் கியரில், கோயிலிலிருந்து மண்டபம்வரை எறும்பு ஊர்கிற வேகம். வாடகை கிடையாது. வெற்றிலை பாக்கும் ஒரு துண்டும் மரியாதை. அந்தத் துண்டுகளை பீரோவில் அடுக்கும்போது மனைவி கோகிலவாணி சொல்வாள்: "நமக்குப் புள்ள இல்லன்னு எவன் சொன்னான்? ஊர்ப் புள்ளைங்களுக்கு எல்லாம் நீதான கல்யாணம் பண்ணி வச்சினு கீற."

பிறகு அண்ணன் பூவராகனின் மூத்த மகன் கல்யாணம் வந்தது. அரிகிருஷ்ணன் காரைக் கழுவி, பூச்சரம் சுற்றி, வேட்டி கட்டித் தயாராக நின்றார். அண்ணன் ஒரு வார்த்தை கேட்காமல், பெரிய ஜெர்மன் கார் ஒன்றை வாடகைக்கு வரவழைத்திருந்தார், டிரைவரோடு. அரிகிருஷ்ணன் பூவை அவிழ்க்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கல்யாணத்துக்குப் போகவில்லை. அண்ணன் தம்பிப் பேச்சு அன்றோடு நின்றது. தாம்பரம் வட்டாரத்தில் அண்ணன் தம்பிகள் நிலத்துக்காகச் சென்ட் கணக்கில் அடித்துக்கொள்வார்கள். ஸ்டியரிங்குக்காகப் பிரிந்தது இவர்கள்தான். அண்ணனைப் பார்த்து மற்றப் பங்காளிகளும் கண்ணாடிக்கூரை வைத்த கார்களுக்கு மாறினார்கள். கோகிலவாணி இறந்தபோது பூவராகன் வந்தார், மாலையை வைத்தார், தம்பியைப் பார்க்காமல் போனார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சத்தம் என்றால் குக்கர் விசில்தான். அரிகிருஷ்ணன் தெருவில் இறங்கினால், "நல்லா இருக்கீங்களா சார்?" என்று எல்லாரும் கேட்பார்கள். பதில் வருவதற்குள் கேட்டவர் தெருமுனை தாண்டியிருப்பார். இரண்டாவதாக ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தவர் கேட்டார். எந்த வருஷத்து வண்டி? கிளட்ச் கனமா, லேசா? மேட்டில் எப்படி ஏறும்? வந்தவர் பெயர் ரின்மாவியா. ஊர் மிசோரம். கேம்ப் ரோட்டில் ஒரு சலூனில் முடி திருத்துகிறவர். ஐஸ்வாலில் அவர் மாமாவிடம் இதே வண்டி இருந்ததாம். சாலை முழுக்க மேடு, அதில் மாமா பாட்டுப் பாடிக்கொண்டே ஏற்றுவாராம். மாமாவுக்கு அனுப்ப ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, "தேங்க்ஸ் அண்ணா" என்று போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது.

அவர் தலை மறைந்ததும் எலியேசர் மாடியிலிருந்து ஓடி வந்தார். "யார் சார் அது? ஜப்பானா?"

"இல்லை" என்று சொல்லியிருந்தால் எலியேசர் அப்படியே படியேறியிருப்பார். அரிகிருஷ்ணன் வாயிலிருந்து "ம்" என்று வந்துவிட்டது.

"கம்பெனி ஆளா?"

"ம்."

"வண்டியத் திருப்பிக் கேக்கிறாங்களா?"

மூன்றாவது கேள்வி! அரிகிருஷ்ணன் உள்ளே போய் எலியேசருக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

மறுநாளிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வங்கி மேனேஜர் வந்தார், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு. அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்திலிருந்து ஒரு குழுவே வந்தது. அரிகிருஷ்ணன் புதிதாக அரை டஜன் டம்ளர் வாங்கினார். காபி போடத் தெரிந்துகொண்டார். முக்கியமாக, இத்தனை வருஷம் படித்து வைத்ததைச் சொல்ல ஆள் கிடைத்தது.

"இவனுங்க மொதல்ல கப்பல் விட்டவங்க. ஆயிரத்து எண்ணூத்தி எழுபதுல. அந்த மூணு வைரம் இருக்குதே, அது கம்பெனி ஆரம்பிச்சவரோட குடும்பச் சின்னத்தையும் அவர் எஜமான் வம்சத்துச் சின்னத்தையும் சேர்த்துப் பண்ணது. கப்பல் கட்டுற எடத்துலயேதான் மொதல் காரையும் கட்டினாங்க, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழுல. எத்தன காரு தெரியுமா? இருபத்திச் சொச்சம்! அதோட நிறுத்திட்டாங்க. லேன்சர் வந்தது எழுபத்து மூணுல. அடுத்த வருஷமே ஆப்பிரிக்காக் காட்டுல, சேத்துலயும் புழுதியிலயும் பந்தயம் ஓடி ஜெயிச்சுது."

"அதெல்லாம் சரி சார், எவ்ளோ தரான்?" என்பார்கள்.

அரிகிருஷ்ணன் சிரித்துக்கொண்டு மீண்டும் கப்பலிலிருந்து ஆரம்பிப்பார்.

இப்படியே போயிருந்தால் வதந்தி தானாகச் செத்திருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை காலை, வாசலில் பூவராகன் வந்து நின்றார். பக்கத்தில் அண்ணி செல்லியம்மாள், கையில் தாம்பூலத் தட்டு.

"இன்னாடா, எலும்பா கீற? துன்றியா இல்லியா?" என்றார் அண்ணன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு.

"உள்ள வாண்ணா. வாங்க அண்ணி."

அண்ணி பத்திரிகை வைத்தாள். இளையவன் முகிலனுக்குக் கல்யாணம். பெண் வீடு குரோம்பேட்டை, மண்டபம் ராஜகீழ்ப்பாக்கம். பூவராகன் அரிகிருஷ்ணன் போட்ட காபியை முகம் சுளிக்காமல் குடித்தார். அதுவே பெரிய சமாதானம். பிறகு சொன்னார்:

"மாப்ள அழைப்புக்கு உன் வண்டிதான். நீதான் ஓட்டணும்."

அரிகிருஷ்ணன் காலி டம்ளரை வாங்கிக்கொண்டார். தலையை மட்டும் ஆட்டினார்.

"சம்பந்தி வூட்ல சொல்லிட்டேன், மியூசியத்துக்குப் போற வண்டின்னு. அவங்களுக்கு ஒரே குஷி. அந்த ஜப்பான் சாரையும் கூப்ட்டு முன் சீட்ல குந்த வச்சுடு. வேட்டி கட்டிப்பாரா?"

"யாரு?"

"ஜப்பான்காரர்டா."

"நம்ம சாப்பாடு ஒத்துக்குமான்னு கேட்டு வை அரி," என்றாள் அண்ணி. "காரம் கம்மியா தனியா பண்ணச் சொல்றேன்."

அன்று மத்தியானமே அரிகிருஷ்ணன் கேம்ப் ரோட்டு சலூனுக்குப் போனார். கேட்க வந்ததைக் கேட்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். கொரோனா காலத்தில் வாங்கிய ட்ரிம்மரால் தானே முடி வெட்டிக்கொள்கிறவர் அவர். ரின்மாவியா ஈரத் துண்டைப் போர்த்தி, பின்னந்தலையில் இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்தியபோதுதான் தெரிந்தது: கோகிலவாணி போன பிறகு வேறொரு கை இங்கே பட்டதே இல்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

"அண்ணா, ஒண்ணு கேக்கவா?" என்றார் ரின்மாவியா. "எல்லாரும் என்னை நேபாளா, சைனாவான்னு கேப்பாங்க. உங்க எதிர்வீட்டு சார் மட்டும் நேத்து ரோட்ல பார்த்து, குனிஞ்சு குனிஞ்சு வணக்கம் வச்சாரு. ஏன்?"

கண்ணாடிக்குள் இருந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே அரிகிருஷ்ணன் எல்லாவற்றையும் சொன்னார். வண்டி, "ம்", டம்ளர், அண்ணன், முன் சீட்.

ரின்மாவியா கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "இவ்ளோதானா? வரேன் அண்ணா. கோட் இருக்கு. ஜப்பான்ல எனக்கு என்ன பேரு?" பிறகு அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டு, இடுப்பு ஒடியக் குனிந்து காட்டினார். காத்திருந்த நாலு பேரும் சிரித்தார்கள். ஒருத்தன் "டேய், அப்டியே ஜப்பான்டா!" என்று செல்போனைத் தூக்கினான். ரின்மாவியா இன்னொரு தடவை குனிந்தார். இந்த முறை சிரிப்பு அவர் வாயில் மட்டும் இருந்தது.

மிசோரத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்து, தன் ஊர்ப் பேரைக்கூட யாரும் ஒழுங்காகக் கேட்காமல் இருக்கிற மனுஷன். தன்னிடம் வந்து மேட்டில் வண்டி எப்படி ஏறும் என்று கேட்டவன்.

"வேணாம்ப்பா," என்றார் அரிகிருஷ்ணன். "நீ வெட்டு."

வீட்டுக்கு வந்து அண்ணனுக்கு போன் போட்டார்.

"அண்ணா, ஜப்பான்காரர் இல்ல."

"வர மாட்டாரா? பிசியா?"

"ஆளே இல்லண்ணா. அவரு மிசோரம். கேம்ப் ரோட்ல முடி வெட்டுறாரு. மியூசியமும் இல்ல. வண்டிய யாரும் கேக்கல."

அந்தப் பக்கம் டிவி ஓடும் சத்தம் கேட்டது.

"அப்ப ஊரெல்லாம் சொல்றாங்க?"

"நான்தான் 'ம்'னு சொன்னேன்."

"ஏன்டா?"

நல்ல கேள்வி. வருஷக்கணக்காக யாரும் கேட்காத கேள்வி. இப்படிச் சொன்னால் நாலு பேர் வருவார்கள் என்று சொன்னேன், நீ வந்தாய் பார் என்று சொல்ல வாய் வரவில்லை. "சும்மாதான்," என்றார்.

"பேஜார் பண்ட்டியே. சம்பந்தி வூட்ல நான் இன்னான்னு சொல்லுவேன்?" போன் வைக்கப்பட்டது.

வராதே என்று யாரும் சொல்லவில்லை. வா என்றும் மறுபடி சொல்லவில்லை. மாப்பிள்ளை அழைப்பு அன்று அரிகிருஷ்ணன் வேட்டி கட்டி, காரைத் துடைத்து, பூ வாங்காமல் காத்திருந்தார். சாயங்காலம் நாதஸ்வரம் இரண்டு தெரு தள்ளிக் கேட்டது, மெதுவாக நகர்ந்தது, மண்டபத்துப் பக்கம் திரும்பியது. மேற்கூரையைத் திறந்துகொண்டு முகிலன் நின்றபடி போனானாம். ஓட்டியவர் மேடவாக்கத்து டிராவல்ஸ் டிரைவராம். எலியேசர் வந்து சொன்னார். அரிகிருஷ்ணன் அவரிடமும் உண்மையைச் சொல்லிப் பார்த்தார். எலியேசர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்: "பேரம் படியலைன்னா விடுங்க சார். ஜப்பான்காரங்க அப்படித்தான், கடைசியில வெலையக் குறைப்பாங்க." ஏரிக்கரையில் இன்றுவரை இதுதான் இறுதித் தீர்ப்பு. வாசலுக்கு ஆள் வருவது மட்டும் நின்றது.

மறுநாள் முகூர்த்தம் முடிந்து, மத்தியானம் வாசல் கேட்டில் சத்தம். செல்லியம்மாள். உள்ளே வரவில்லை. மதில் மேல் ஒரு எவர்சில்வர் தூக்கை வைத்தாள்.

"கல்யாணச் சாப்பாடு. ஆறிடப் போவுது."

"அண்ணன் சொன்னாரா?"

"அவரு ஒண்ணும் சொல்லல. பார்த்துனு இருந்தாரு, வேணாம்னு சொல்லல." பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

சாம்பார் சாதம், வடை, ஒரு கிண்ணத்தில் பாயசம். அரிகிருஷ்ணன் தனியாக உட்கார்ந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். தூக்கைத் தேய்த்துக் கவிழ்த்தார். அதற்குப் பிறகுதான் சங்கடம். சாப்பாடு வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது. அந்த ஊரில் எந்த வீட்டிலும் தர மாட்டார்கள். அந்தக் கணக்கையெல்லாம் கோகிலவாணி பார்த்துக்கொண்டிருந்தாள். சர்க்கரை போடலாமா? கல்யாணம் நடந்த வீட்டுக்குக் கடைச் சர்க்கரையா? கேசரி கிண்டிப் பார்த்தார். கரண்டி எழுந்து வர மறுத்தது. சுண்டல் பண்ணினார், தானே தின்று தீர்த்தார். இரண்டு முறை தூக்கைப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு லேன்சரை அண்ணன் வீட்டுத் தெருமுனைவரை ஓட்டிப் போனார். உள்ளே ஒன்றும் இல்லாத தூக்கு. திரும்பி வந்துவிட்டார்.

போன வாரம் அண்ணி போன் செய்தாள். "தூக்கு உன்னாண்டதான் கீதா அரி?"

"கீது அண்ணி. கொண்டாறேன்."

"அவசரம் இல்ல. அதையே வச்சினு இருந்துடாத."

"கொண்டாறேன்," என்றார் மறுபடி. அடுப்பில் பயத்தம்பருப்பு வேகப் போட்டிருந்தார். அது பாயசமாகுமா, சாம்பாராகுமா என்பது அவருக்கே இன்னும் பிடிபடவில்லை.