நொச்சிக்குப்பத்தில் ஒரு மாமனார்

கல்யாணத்துக்காக மயிலாப்பூர் வந்த நான், காலையில் நொச்சிக்குப்பம் வரை நடந்து வருகிறேன். சாலையோரம் மீன் விற்கும் பெண், அலையை நோக்கி ஓடும் தன் இரண்டு வயது மகனைக் கூப்பிடுகிறாள்: "மாமா! தண்ணியாண்ட போவாதீங்க!"

"பிள்ளைக்குப் பெயர் இல்லையா?" என்கிறேன்.

"கீது நைனா. எங்க மாமனார் பேரு. அத்த நான் சொல்லக்கூடாதே! கடலோட போனவரு, மறுவருசமே என் வயித்துல வந்துட்டாரு."

முப்பது ஆண்டுகள் பிறப்பு, இறப்புப் பதிவேடுகள் எழுதி ஓய்வு பெற்றவன் நான். "போனவர் திரும்பி வந்தால் எழுத, பதிவேட்டில் கட்டமே கிடையாதம்மா."

"நீ கட்டம் போடுற வரிக்கும் அவரு வெளியவே நிப்பாரா?"

பிள்ளைக்கு 'நீங்க', எனக்கு 'நீ'.

அதற்குள் பெரிய அலை ஒன்று எழுகிறது. அவள் மீன்கூடையைத் தள்ளிவிட்டு ஓடுகிறாள். தண்ணீர் பிள்ளையின் இடுப்பைத் தொடும்போது அவனை வாரி மார்போடு இறுக்குகிறாள்.

"ஒரு தபா போனது போதாதா மாமா?" என்று அழுகிறாள்.

பிள்ளை அவள் கன்னத்தைத் துடைக்கிறது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நிற்கிறேன்.