மிளகாய் எரித்த நெருப்பு

2009 பங்குனியில் தோர்ண்டன் ஹீத் என்ற ஆங்கிலேய ஊரில் ஒரு வீட்டின் மாடியறையில் வாடகைக்கு இருந்தோம், நானும் மனைவியும் கைக்குழந்தையும். கீழே வீட்டுக்காரி. என் வயதுதான் இருக்கும். ஈரானில் யாஸ்த் என்ற ஊரைச் சேர்ந்தவள். பம்பாய்ப் பார்சிகளின் அதே சரதுஷ்டிர மதம். அவளுடைய சமையலறையில் ஓர் எண்ணெய் விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும்.

குழந்தை பால் குடிக்காமல் வீறிட்டு அழுதது. நாவூறு, யாரோ கண்பட்டுவிட்டது என்று மனைவி முடிவுகட்டினாள். காய்ந்த செத்தல் மிளகாய், உப்பு, தலைமயிர் எல்லாவற்றையும் பிள்ளையைச் சுற்றியெடுத்தாள். சாமி விளக்கு நெருப்பென்றால் இன்னும் நல்லது என்று, வீட்டுக்காரியின் விளக்கில் திரியைக் கொளுத்திக் கொண்டுபோய்த் தோட்டத்தில் எரித்தாள்.

அந்த நாற்றத்துக்குள்தான் வீட்டுக்காரி வேலையால் வந்தாள். நடந்ததைக் கேட்டதும் அவள் முகம் வெளிறியது. அவர்கள் நெருப்பை வாயால் ஊதக்கூட மாட்டார்களாம், மூச்சுப் பட்டாலே தீட்டாம். அதில் மயிரா?

"நாளைக்கே வெளியேறுங்கள்" என்றாள் ஆங்கிலத்தில்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எங்கள் நாட்டில் யுத்தம் நடந்த வன்னியில், மனைவியைப் பெற்ற மாமாவும் மாமியும் உயிரோடு இருக்கிறார்களா இல்லையா என்று தெரியாமல் நித்திரையில்லாத நாட்கள் அவை. வாய் சும்மா இருக்குமா? "ஒரு விளக்குக்காகக் குழந்தையைக் குளிரில் விடுவீர்களா? நீங்களும் நாட்டை விட்டு வந்தவர்தானே?"

"அதனால்தான் சொல்கிறேன். எங்கள் பழைய ராஜாக்கள் தங்கள் மண்ணில் நெருப்புக் கோயில்களை வைத்தார்கள். அந்த நெருப்பைக் காத்த நிலம் ஈரான். மற்றதெல்லாம் ஈரான் அல்லாதது. நாடு வேறு மதத்தவரிடம் கைமாறிய பிறகும் எங்கள் சனம் நெருப்பை ஒளித்துக் காத்தது. எனக்கு மிஞ்சிய ஈரான் இந்த விளக்கு எரியும் இடம்தான்."

மனைவி என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். "இஞ்சருங்கோ, அவ சொல்லுறது சரி. கேளாமல் எடுத்தது என்ர பிழை. நான் கதைக்கிறன்." தன் தாய் தகப்பன் சாமியறை விளக்கை எரிய விட்டுவிட்டே ஓடியவர்கள் என்று, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவளிடம் சொன்னாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

வீட்டுக்காரி குழந்தையைப் பார்த்தாள். பிறகு மாடிப்படியின் மேல்படியைக் காட்டினாள்.

"அதற்கு மேலே உங்கள் நாடு. உங்கள் விளக்கை அங்கே ஏற்றுங்கள். கீழே என் நாடு. இனி என் நெருப்பைத் தொடாதீர்கள்."

மனைவி உடனே அறைக்குள் விளக்கு வைத்தாள். நான் தொலைக்காட்சியைப் போட்டேன். வன்னியின் வரைபடத்தில் சனம் அடைபட்டிருந்த நிலம் கடற்கரையோரம் ஒரு கீற்றாகச் சுருங்கியிருந்தது. எங்களுக்கு ஓர் அறையளவு நாடு கிடைத்துவிட்டது. மனைவியைப் பெற்றவர்களுக்கு அவ்வளவு இடமும் இல்லை.