எடைக்கு எடை வாங்கிப் படித்த எங்கள் அக்கா

எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் பெறும் நீங்கள் அவரைப் பஞ்சாலைத் தொழிலாளியாக அறிவீர்கள். என்னை வளர்த்து ஆளாக்கியவர் என்றும் அறிவீர்கள். அவர் எவ்வளவு படித்தார் என்பது உங்களில் சிலருக்கே தெரியும். அதைச் சொல்லவே எழுதுகிறேன்.

ஆனைமலையை அடுத்த ஒரு தென்னந்தோப்புச் சாளைக் குடிசையில் அக்கா பிறந்தார். பெற்றோர் தோப்பு வேலைக்காரர்கள். எட்டாம் வகுப்போடு அவர் படிப்பு நின்றது. அப்பா மறைந்ததும் கோவையில் ஒரு நூற்பாலையில் சேர்ந்து, என்னைப் படிக்க வைத்து, கிணத்துக்கடவில் மணமும் முடித்துக் கொடுத்தார். தமக்கென்று ஒரு வாழ்க்கையை அவர் தேடிக்கொள்ளவில்லை. ஆலைக்குப் போகும் வழியில் ஒரு புத்தகக் கடை இருந்ததாம். கண்ணாடிக்கு வெளியே நின்று அட்டைகளைப் பார்த்ததோடு சரி, ஒருநாளும் படியேறியதில்லை என்று என் கணவரிடம் ஒருமுறை சொன்னார்.

பல வருடப் பஞ்சுத் தூசி அவர் நெஞ்சை அரித்துவிட்டது. எங்கள் தெருவுக்குக் கேபிள் டி.வி. வந்த வருடம் அக்காவை எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்தோம். இருபது அடி நடந்தால் மூச்சு இரைக்கும். கோவைக்குப் பஸ் ஏறுவது இனி இல்லை என்றாயிற்று.

கோவை கோட்டைமேட்டிலிருந்து செவ்வாய்க்கிழமைதோறும் மொபெட்டில் ஒரு பழைய பேப்பர் வியாபாரி வருவார். பாய் என்றுதான் தெருவே அழைக்கும். ஒருநாள் அவர் சாக்கைக் கட்டும்போது உள்ளே ஒரு நாவல் தெரிந்தது. அக்கா அதைக் கேட்டார். பாய் காசு வாங்க மறுத்தார். அக்கா சும்மா வாங்க மறுத்தார். கடைசியில் தராசின் ஒரு தட்டில் நாவலையும் மறு தட்டில் எங்கள் பழைய செய்தித்தாள்களையும் வைத்து, முள் நடுவில் நின்றதும் எடுத்துக்கொண்டார். அன்று முதல் அதுவே ஏற்பாடு. படித்து முடித்ததைத் தட்டில் வைப்பார், புதிதாக ஒன்றை எடுப்பார். அட்டை போனவை, செல்லரித்தவை, யாரோ பெயரெழுதியவை எல்லாம் வந்தன. வார இதழ்களில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துக் கோணி ஊசியால் தைத்து அவரே புத்தகமாக்குவார். தம் பழைய தாள்களை அக்காவுக்கென்று சேர்த்துக் கொடுத்த எங்கள் தெருப் பெண்கள் பலர்.

அப்படி மூன்று வருடம் போனது. பிறகு இருமல் முற்றியது. தூசி ஆகாது, பழைய காகிதத்தை அண்ட விடாதீர்கள் என்றார் டாக்டர். அடுத்த செவ்வாய் நான் வாசலிலேயே பாயை நிறுத்தினேன்.

"இனி புஸ்தகம் கொண்டு வராதீங்க பாய். அக்காவுக்கு ஒத்துக்கறதில்லீங்க."

கட்டிலில் இருந்த அக்காவுக்கு அது கேட்டுவிட்டது. நான் உள்ளே போனதும் மெதுவாகச் சொன்னார்.

"நெஞ்சு எம்பட நெஞ்சு, கண்ணு. ஆனா ஊடு உம்பட ஊடு. நீ சொன்னாச் சரிதான்."

அதன்பின் நான்கு மாதம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. டி.வி. முன் உட்கார வைத்தால் சுவரைப் பார்த்தார். சாப்பாடு குறைந்தது. ஒருநாள் மளிகைப் பொட்டலம் மடித்த தாளை நீவி வைத்துக்கொண்டு, பாதியில் அறுந்த ஏதோ கதையைப் படித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மடித்துவிட்டார். பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

பாய் மட்டும் வாரந்தோறும் வாசலில் நின்று நலம் விசாரிப்பார். சரியாகச் சாப்பிடுவதில்லை என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். மறுவாரம் வெள்ளைத் துணியில் கட்டிய ஆறு புத்தகங்களோடு வந்தார்.

"எங்கூட்டுல மாடியில வெயில் காட்டி, ஏடு ஏடாத் தொடச்சுக் குடுத்தாங்க அம்மணி. தும்மல்கூட வராதுங்க."

மூட்டையைக் கட்டிலில் வைத்தேன். அக்கா கை நீட்டவில்லை. என் முகத்தைப் பார்த்தார். என்னைத் தூக்கி வளர்த்தவர் என் அனுமதிக்குக் காத்திருந்தார். "படிங்கக்கா" என்று மூட்டையை அவிழ்த்துக் கொடுத்தேன்.

மேலும் ஏழு மாதம் இருந்தார். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு படித்தார். கடைசி வாரங்களில் ஏடு புரட்ட விரலில் வலுவில்லை. என் கணவரும் நானும் மாறி மாறி வாசித்தோம். ஒரு பிற்பகல், நான் வாசித்துக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றது. அது தெரியாமல் இன்னும் அரைப் பக்கம் வாசித்திருக்கிறேன்.

அக்காவைக் கவனித்த மருத்துவருக்கும் செவிலியருக்கும், இரண்டு முறை கட்டிலோடு தூக்கிக் காரில் ஏற்றிய அண்டை வீட்டாருக்கும், உடுமலையிலிருந்து வந்து உடனிருந்த சித்தி குடும்பத்தாருக்கும், பாய்க்கும், முகம் காணாத அவர் துணைவியாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது.

காரியம் முடிந்தபின் டாக்டரைப் பார்க்கப் போனேன். ஆலைப் பஞ்சு எப்போதோ நுரையீரலைத் தின்றுவிட்டது, புத்தகத் தூசியால் பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது என்றார். ஆறுதலுக்காகத்தான் சொன்னார். அந்த நான்கு மாதங்களுக்காக நான் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்டால் உடனே மன்னித்துவிடுவார் என்று தெரிந்தே தள்ளிப் போட்டேன். உங்கள் எல்லோர் முன்னிலையிலும் இப்போது கேட்கிறேன்.

தங்கை