அப்பா லாரியில் ஏற்றிவிட்ட திராட்சை

அப்பாவைப் பற்றியது என்பதால் இதை எழுத வருஷக்கணக்காகத் தயங்கினேன். இன்று கடையில் வாங்கிய திராட்சையைக் கழுவும்போது மருந்து வாடை அடித்தது. எங்கள் ஓடைப்பட்டித் தோட்டம் கண்முன் வந்துவிட்டது.

நான் சிறுவனாக இருந்தபோது ஒருநாள் காலையில்தான் அப்பா கொடிக்குப் பூச்சிமருந்து அடித்திருந்தார். மத்தியானமே வியாபாரியின் லாரி வந்து நின்றது. பறித்த கொத்தில் கைவைத்த என்னை அம்மா அடித்து இழுத்தாள்.

"ஏலே, தொடாத! விசம்டா." அப்படியே அப்பாவிடம் திரும்பினாள். "நம்ம புள்ளைக்கு ஆகாதது அடுத்தவுக புள்ளைக்கு மட்டும் ஆகுமாங்க?"

"இன்னைக்கு விட்டா விலை விழுந்திரும். ஒன் பிரசங்கத்தக் கோயில்ல போயி வச்சுக்க" என்றார் அப்பா.

லாரி போய்விட்டது. சாயங்காலம் வீட்டில் பரமண்டல ஜெபம் சொல்லும்போது, 'எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்' என்ற வரி வந்ததும் அப்பாவுக்குக் குரல் எழும்பவில்லை. அம்மாதான் முடித்தாள். சாகும்வரை அந்த வரியை அவர் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. அந்தப் பழத்தை எந்தப் பிள்ளைகள் தின்றார்களோ, கர்த்தருக்குத்தான் தெரியும்.

தோட்டம் வைத்திருக்கிறவர்களுக்கு இதை ஒரு சொல்லும் மாற்றாமல் சொல்லுங்கள்.