ஹனிபா காக்கா விரித்த கட்டில்கள்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, கல்முனைக்குடிப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி இரண்டு தடவை இருமியது. எங்கள் ஊரில் நேரமில்லாத நேரத்தில் ஒலிபெருக்கி இருமினால் தராசு பிடித்தவன் கூடக் கையை நிறுத்திவிடுவான். "கப்பல் ஹனிபா என்று அழைக்கப்படும்..." என்று தொடங்கியதுமே மீதி எனக்குக் கேட்கவில்லை. கையில் இருந்த இஸ்திரிப் பெட்டியை யாரோ ஒருவருடைய சட்டையின் மேல் வைத்தபடியே நின்றுவிட்டேன். புகை வந்த பிறகுதான் எடுத்தேன்.

அவரை அறிந்தவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. பெருநாளைக்கு வெள்ளைச் சப்பாத்து போட்டு வருவார். தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தால் அரைப் பொய், அரை மெய்யாகக் கப்பல் கதை அளப்பார். "ஹனிபா ஒரு கடலைத் தாண்டினால் வாயால் ஏழு கடலைத் தாண்டுவான்" என்று ஊரார் நீங்களே கேலி செய்திருக்கிறீர்கள். ஆனால் ஒரு கதையை மட்டும் அவர் எந்தக் கடையிலும் சொன்னதில்லை. அதை மறைத்துக்கொண்டு நான் அஞ்சலி எழுதினால் அதுவும் பொய்க்கணக்கில்தான் சேரும்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் பக்கத்து ஆட்கள் மூவர் ஒரே உல்லாசப் பயணக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தோம். எங்களுக்கு அண்ணன் முறையான ஹனிபா காக்கா அறைகளைத் துப்புரவாக்கிக் கட்டில் விரிப்பவர். நிந்தவூர் ஜுனைதீன் சமையலறையில் கோப்பை கழுவுபவன். நான் துணி வெளுக்கும் லோண்ட்ரியில். கப்பல் எங்கள் மூவரின் வயதையும் கூட்டினாலும் எட்டாத கிழடு. அதில் வந்த வெள்ளைக்காரர்களும் அப்படித்தான், அரைவாசிப் பேர் ஊன்றுகோல். மாதக்கணக்காக வருவார்கள். மேல்தட்டில் பெயர் எழுதிய சாய்வுக் கதிரையில் கம்பளி போர்த்திக்கொண்டு நாள் முழுக்கக் கடலைப் பார்ப்பார்கள். பதினொரு மணிக்குச் சூப், நாலு மணிக்குத் தேநீர், இரவுச் சாப்பாட்டுக்குக் கோட்டும் கழுத்துப்பட்டியும். போன வருடம் இருந்த அறைதான் இந்த வருடமும் வேண்டும் என்பார்கள். காக்காவைப் பெயர் சொல்லி அழைத்து, பிள்ளைகளின் சுகம் கேட்பார்கள். அவர்களுடைய நடுங்கும் கைகளைப் பார்த்துக் காக்கா என்னிடம் சொல்வார், "இவங்க ஊர் பாக்க வந்த ஆக்களில்லடா தம்பி. போற வழியப் பாத்து வைக்க வந்த ஆக்கள்."

போனது அவர்களில் ஒருவருமில்லை. கரிபியன் தீவுகளைச் சுற்றிவிட்டு ஐரோப்பாவுக்குத் திரும்பும் வழியில், அத்திலாந்திக்கின் நடுவில், ஒரு காலை ஜுனைதீன் எழும்பவில்லை. இருபத்தாறு வயது. கரைக்கு இன்னும் ஐந்து நாள். குளிர் அறையோ பழுதாகிக் கிடந்தது. கடலில் அடக்கக் கப்டன் அனுமதி தந்தார். நாங்கள் இருவரும் அவனைக் குளிப்பாட்டினோம். என் லோண்ட்ரியில் இருந்த புதிய விரிப்புகள் மூன்றை எடுத்து, மூலையில் தைத்திருந்த கப்பலின் சின்னத்தை வெட்டி எறிந்துவிட்டு அவனுக்குக் கபன் துணியாக்கினேன்.

மையத்தை, அதாவது இறந்தவரின் உடலை, வலப்பக்கம் சரித்து, முகம் மக்காவைப் பார்க்கும்படி வைப்பது எங்கள் முறை. நம் ஊருக்கு மக்கா மேற்கே. ஆகவே தலை வடக்கு, கால் தெற்கு. கடல் எப்போதும் முதுகுப் பக்கம். பிறந்த நாளிலிருந்து பார்த்த ஒழுங்கு இதுதான். கப்பலின் பக்கக் கதவடியில் பலகையில் வைக்கும்போது எனக்கு ஏதோ உறுத்தியது.

"காக்கா, கப்டனுக்கிட்ட திசையக் கேப்பமா?"

"கிப்லாவ வெள்ளைக்காரன் எனக்குச் சொல்லித் தரணுமா? பொழுது படுற பக்கம்தானடா!"

பின்னேரம், அஸர் தொழுகை நேரம். பொழுது அவர் கை நீட்டிய பக்கம்தான் சாய்ந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் முகத்தை வைத்தோம். கப்டன் இயந்திரத்தை நிறுத்தினார். மாதக்கணக்காகக் காலுக்குக் கீழே அதிர்ந்துகொண்டிருந்தது நின்றதும், கடல் கப்பலின் வயிற்றைத் தட்டும் சத்தம் முதல்தடவையாகக் கேட்டது. வாசலில் நின்று ஒருவர் மெதுவாகத் தட்டுவது போல இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். மேல்தட்டில் கிழவர்கள் எல்லாரும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்று அவர்களின் நாலு மணித் தேநீர் ஐந்தரைக்குத்தான் போனது. ஒருவரும் முறைப்பாடு சொல்லவில்லை.

அடுத்த பயணத்தில் இயந்திர அறைக்கு மிஸ்ரு நாட்டுக்காரர், எகிப்தியர், ஒருவர் வந்து சேர்ந்தார். கரிபியன் கடலில் நாங்கள் தொழுவதைப் பார்த்து அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். ஒரு தோடம்பழத்தை எடுத்து, பேனையால் அதில் மக்காவுக்கு ஒரு புள்ளி, இலங்கைக்கு ஒரு புள்ளி, கப்பலுக்கு ஒரு புள்ளி வைத்து உருட்டிக் காட்டினார். அந்தக் கடலில் மக்கா கிழக்கே. நாங்கள் முதுகைக் காட்டித் தொழுதிருக்கிறோம்.

"தெரியாமத் தொழுத தொழுகைய அல்லாஹ் ஏத்துக்குவான்," என்றார் காக்கா. பிறகு அந்தத் தோடம்பழத்தை வாங்கித் தன் கையாலேயே உருட்டிப் பார்த்தார். "அவன நான் எப்படிடா மறுகாத் திருப்புற?"

தலையணை மாறத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். ஜுனைதீன் படுத்த கட்டில் எங்கள் அறையில் வெறுமையாகத்தான் இருந்தது. காலையில் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போன தலையணை, வேலை முடிந்து வந்து பார்த்தால் கால்மாட்டில் இருக்கும். முதலில் நான் விளையாடுகிறேன் என்று என்னை ஏசினார். நானோ அவர் மறதியில் வைக்கிறார் என்று நினைத்தேன். ஒருநாள் இருவரும் சேர்ந்தே பூட்டி, சேர்ந்தே திறந்தோம். தலையணை கால்மாட்டில் கிடந்தது. அதில் ஒரு தலை அழுந்திய பள்ளமும் இருந்தது.

"விளங்கல்லயா தம்பி?" என்றார் காக்கா. "தலைய அங்கால மாத்தி வலப்பக்கம் சரிஞ்சா முகம் மத்தப் பக்கம் பாக்கும். கிறுக்கி விடச் சொல்றான்டா, திருப்பி விடச் சொல்றான்."

எண்பதுகளின் நடுவில் அந்தக் கிழட்டுக் கப்பல் உடைக்கப் போனது. எங்களைப் புதிய கப்பலுக்கு மாற்றினார்கள். வெள்ளை வெளேரென்று, மாடி மேல் மாடி. ஆட்கள் விமானத்தில் வந்து ஏறி, ஒரு கிழமை சுற்றிவிட்டு விமானத்திலேயே போய்விடுவார்கள். சனிக்கிழமை காலை கப்பல் காலியாகும், பின்னேரம் நிறைந்துவிடும். சூதாட்ட இயந்திரங்களின் கிணுகிணுப்பு, ஆட்டக்கூடம், சறுக்கித் தண்ணீரில் விழும் பிள்ளைகள், அரைக் காற்சட்டையோடு சாப்பாட்டு மேசை. கதிரைகளில் பெயர் இல்லை. காக்காவின் பெயரும் ஒருவருக்கும் தெரியாது. புதிதாக ஒரு அட்டை வந்திருந்தது. இறங்கும்போது அதில் ஊழியர்களுக்குப் புள்ளி போட்டுவிட்டுப் போவார்கள். "முந்தி ஆக்கள் கடலப் பாக்க வந்தாங்க. இப்ப கப்பலப் பாக்க வாறாங்க," என்பார் காக்கா.

அந்தக் கப்பலிலும் மவுத்து வந்தது. காலைச் சாப்பாட்டு நேரத்தில் அவருடைய பகுதியில் ஒரு பயணி கட்டிலிலேயே முடிந்துபோனார். சாப்பாடு கொண்டுபோகும் தள்ளுவண்டியில் கிடத்தி, மேசைவிரிப்பால் மூடி, வேலையாட்களின் மின்தூக்கியில் குளிர் அறைக்கு இறக்கினார்கள். மேலே பாட்டு நிற்கவில்லை. பக்கத்து அறைக்காரருக்கே தெரியாது. சனிக்கிழமை அந்தக் கட்டிலுக்குக் காக்கா புது விரிப்புப் போட்டார், பின்னேரம் புதுமணத் தம்பதி வந்து இறங்கியது. தலையணைகளை யாரோ கால்மாட்டுக்கு மாற்றுகிறார்கள் என்று அவர்கள் இரண்டாம் நாளே முறையிட்டார்கள். அதற்கடுத்த கிழமை வந்தவர்களும் முறையிட்டார்கள். பிறகு வேறு அறை, வேறு ஆட்கள். காக்கா விரித்த கட்டில்களில் மட்டும்தான் இது நடந்தது. அட்டைகளில் அவருடைய புள்ளி விழுந்துகொண்டே போனது. கடைசியில் மேற்பார்வையாளன் அவரை ஊருக்கு அனுப்பிவிட்டான். அவர் வேலை போன காரணத்தை நீங்கள் பலவிதமாகக் கதைத்தீர்கள். உண்மையான காரணம் இதுதான்.

இரண்டு வருடத்தில் நானும் வந்து கல்முனையில் லோண்ட்ரிக் கடை போட்டேன். மார்க்கம் படித்த ஆலிம்கள் அவருக்கு எவ்வளவோ ஆறுதல் சொல்லியிருந்தார்கள். நிய்யத்துதான், மனதில் வைத்த எண்ணம்தான் முக்கியம் என்றார்கள், கடலில் எந்தத் திசையும் நில்லாது என்றார்கள். மனிதர் தலையை ஆட்டுவார். பிறகு கட்டிலை விட்டுவிட்டுத் தரையில் பாயில், தலையணை இல்லாமல் படுப்பார்.

சென்ற மாதம் நெஞ்சு வருத்தம் கூடிவிட்டது என்று பார்க்கப் போனேன். பெண்களை வெளியே போகச் சொல்லிவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி அப்படி இறுகியிருந்தது.

"தம்பி, அண்டைக்கு நான் துஆ ஓதிக் கண்ண மூடிட்டன். நீதான் பலகையச் சரிச்ச. பாத்துக்கிட்டுத்தானே நிண்ட? அவன் தண்ணிக்குள்ள எப்படிப் போனான்?"

இத்தனை வருடமாக இந்தக் கேள்வியை அவர் என்னிடம் கேட்கவில்லை. பதிலுக்குப் பயந்திருப்பார். நான் அவர் கண்களைப் பார்த்தேன்.

"போகக்க கிறுகினான் காக்கா," என்றேன். "தண்ணிக்குள்ள போனதும் அப்படியே மத்தப் பக்கம் கிறுகித்தான் போனான்."

"உண்மையாவா?"

"வல்லாஹி."

அவர் முகம் தளர்ந்ததை என்னால் எழுத முடியவில்லை. மகளைக் கூப்பிட்டு, தலைக்கு ஒரு தலையணை கேட்டார். அதில்தான் நான்காம் நாள் அவருடைய உயிர் பிரிந்தது. மையவாடியில் நானே கபுறுக்குள் இறங்கி, அவர் முகத்தை மேற்கே சரித்து வைத்தேன். மூன்று தடவை பார்த்தேன். கடல் முதுகுப் பக்கம்தான் இருந்தது.

அவருடைய வெள்ளைச் சப்பாத்தை மகன் எடுத்துக்கொண்டான். எனக்குக் கிடைத்தது வேறு. அன்று பலகையைச் சரித்தபோது நானும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டுதான் நின்றேன். நான் ஒன்றையும் பார்க்கவில்லை. அல்லாஹ்வின் பெயரால் ஆணையிட்டுப் பொய் சொல்லித்தான் அவரைத் தூங்க வைத்தேன். அதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். ஆனாலும் அதே கேள்வியை அவர் திரும்பக் கேட்டால் அதே பதிலைத்தான் சொல்வேன்.

அவரை அடக்கிய மறுநாள், நடுப்பகல் ளுஹர் தொழுதுவிட்டுச் சற்றுச் சாய வீட்டுக்குப் போனேன்.

"தலகாணிய ஆரு மாத்தின?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"நான் அறைக்குள்ளயே வரல்லியே," என்றாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் வடக்கே வைத்துவிட்டுப் போகிறேன், தெற்கே கிடக்கிறது. நடுவில் ஒரு பள்ளமும் இருக்கிறது. நேற்று மாற்றாமல் அப்படியே தலையை வைத்து, வலப்பக்கம் சரிந்து படுத்தேன். என் முகத்துக்கு நேரே யன்னல் திறந்திருந்தது. அதற்கப்பால் கடல்.